தலைக்குள் ஒரு குழி

எனக்குக் கல்யாணம் நிச்சயமாவதற்குச் சில மாதங்கள் முன்பே தலைவலி வர ஆரம்பித்திருந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். காலை ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் செவிலிமேட்டு முனைக்கு விடிவதற்குள் வந்துவிடும். சாப்பிடாமல்தான் ஏறுவேன். பத்து மணி வாக்கில் வலது பொட்டில் குத்தத் தொடங்கி, மதியம் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கையிலிருக்கும் உலோக வளையத்தின் உள்விட்டத்தை அளக்கும்போது எண்கள் மங்கும். மாத்திரை போட்டுக்கொண்டு அளப்பேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகும் வலி நிற்கவில்லை. பழைய கை வைத்தியமும் தைலமும் பார்த்து முடித்தபின், எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருந்த டாக்டர், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாம்மா. சந்தேகம் இல்லாம போயிடும்" என்றார். சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்கேன் முடிவை வாங்கப் போனது அப்பா. நான் ஷிப்டில் இருந்தேன். அப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை. காலம் முழுக்க வண்ணத்தைக் கண்ணால் பார்த்தே பொருத்தம் சொன்னவர், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் மட்டும் யாரிடமாவது நீட்டிவிடுவார். அன்றைக்குப் பட்டறைக்குப் போகிற வழியில் இருந்த மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாராம். "எம்ட்டி செல்லான்னு போட்டுக்கிறான்பா. எம்ட்டின்னா காலி."

"இன்னா காலி?"

"அதான் தெரியல. மூளைக்கு அடியில ஏதோ. செல்லு காலி போலக்குது."

வீட்டுக்கு வந்த அப்பா இதை அப்படியே அம்மாவிடம் சொன்னார். "செல்லுன்னா? டார்ச்லைட்டுக்குப் போடுறமே, அந்த மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் டிவி ஓடாமல் இருந்தால் யாரோ செத்திருக்க வேண்டும்.

நான் வாங்கிப் படித்தேன். எனக்கும் பாதிதான் புரிந்தது. மண்டையோட்டின் அடித்தளத்தில் 'செல்லா' என்று ஒன்று. அது அளவில் சற்றுப் பெரியது. ஓரளவு காலியாக இருக்கிறது. இயல்பான வேறுபாடாக இருக்கலாம். நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும். இவ்வளவுதான் இருந்தது. அதில் 'இயல்பான' என்ற சொல்லும் இருந்தது, 'காலி' என்ற சொல்லும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு சொல்தான் தங்கியது.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஆனால் அந்த மருந்துக்கடைக்காரர் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பங்காளி முறை. அது அப்பாவுக்கு முன்பே தெரியும். அவசரத்தில் நினைவு வரவில்லை.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கூட அவருடைய தம்பி. மாப்பிள்ளையின் அப்பா இறந்து பல வருடங்களாகியிருந்தன. அந்த அம்மாள் தானே தறியில் உட்கார்ந்து நெய்து, ஒரே மகனைப் படிக்கவைத்தவர். மகன் கம்ப்யூட்டரில் சேலைக்கரைகளுக்கு டிசைன் வரைகிற வேலையில் இருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு எனக்குக் கொடுத்த அரக்குச் சேலையை அந்த அம்மாள்தான் நெய்திருந்தார். ஒரே சாதி, சுற்றிச் சுற்றி உறவு என்பதால் முதலிலிருந்தே அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டேன்.

தண்ணீரைக் கூட வாங்காமல் கேட்டார். "பொண்ணுக்குத் தலையில ஏதோ காலியா இருக்குதுன்னு சொல்றாங்களே. நெசமா?"

"யாரும்மா சொன்னது? சும்மா தலைவலி. கண்ணாடி போட்டா சரியாப்பூடும்னு சொல்லிட்டாங்க" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. குரல் எங்கேயோ மேலே போய்விட்டது. உள்ளறையிலிருந்து அதைக் கேட்கப் பொறுக்காமல்தான் நான் உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்; தைரியம் என்று சொல்ல மாட்டேன்.

"இதாங்க அத்தை ரிப்போர்ட்டு. எனக்கே முழுசா புரியல. வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரைப் பாக்கப் போறோம். அவங்க இன்னா சொல்றாங்களோ அதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்."

அவர் உறையைப் பார்த்தார், தொடவில்லை. தம்பிதான் வாங்கிப் புரட்டினார். "படிச்ச பொண்ணு. உனக்கே புரியலைன்னா எங்களுக்கு இன்னாம்மா புரியப்போவுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துக்கொண்டார். போகும்போது அத்தை என் நெற்றியைப் பார்த்தார். புருவத்துக்கு நடுவில் ஏதோ எழுதியிருப்பது போல.

நரம்பு டாக்டர் சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற பெண்மணி. அம்மாவும் நானும் போனோம். அவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். என் தலையை நான் பக்கவாட்டில், நடுவே வெட்டியது மாதிரி பார்த்தது அதுதான் முதல்முறை. மூக்கும் உதடும் நாக்கும்கூடத் தெரிந்தன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மண்டையோட்டோட அடிப்பகுதியில, சரியா நடுவுல, எலும்புல ஒரு சின்னக் குழி இருக்கும். எல்லாருக்கும் உண்டு. குதிரை மேல போடுற சேணம் மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள பட்டாணி அளவுல ஒரு சுரப்பி உக்காந்திருக்கும். உங்களுக்கு அந்தக் குழி கொஞ்சம் பெருசு. சுரப்பி தட்டையா தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல மிச்சம் இருக்கிற இடத்துல தண்ணி நிக்குது. அந்த இடத்தைத்தான் காலின்னு எழுதியிருக்காங்க."

"மூளை?" என்றாள் அம்மா.

"மூளை நிறைய இருக்கும்மா."

எனக்கு வேலைப்பழக்கம் வந்துவிட்டது. "இதுக்கு லிமிட் என்ன மேடம்? எவ்வளவு வரைக்கும் சரி, எவ்வளவுக்கு மேல தப்பு?"

அவர் சிரித்தார். "எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். எங்கள் மேசையில் ஒரு பாகம் அளவுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு, மயிரிழை தாண்டினாலும் சிவப்புத் தட்டு. நடுவில் தட்டு கிடையாது.

"இங்க நிறைய பேர் நடுவுலதான். ஒருத்தருக்கு வட்டமா இருக்கும், ஒருத்தருக்கு ஆழமா, ஒருத்தருக்குத் தட்டு மாதிரி மேலாப்புல. சிலருக்கு ரெண்டு பக்கமும் எலும்பு நீண்டு மேல பாலம் மாதிரி சேர்ந்துடும். சாதாரணமா இவ்வளவு இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு வெளியே இருக்கிறவங்க எல்லாரும் நோயாளி இல்ல. ஆனா உங்களுக்குத் தலைவலி இருக்கிறதால ரெண்டு விஷயம் பாத்துடணும். கண் நரம்புல வீக்கம் இருக்கான்னு ஒண்ணு, ரத்தத்துல அந்தச் சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னு இன்னொண்ணு. அதுவரைக்கும் நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏதோ இருக்குன்னும் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா, "நிறைய இருக்குதுன்னு சொன்னாங்க இல்ல?" என்று இரண்டு முறை கேட்டாள்.

கண் பரிசோதனை முடிந்து, ரத்தம் கொடுத்து, முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் மாப்பிள்ளையின் மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தர வேண்டும். பெண்ணுக்கு இதனால் ஆயுசுக்கும் ஒன்றும் வராது என்று அதில் இருக்க வேண்டும். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் கூட ஒரு பாகத்துக்கு ஆயுசுக்கும் உத்தரவாதம் எழுத மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைப் பார்க்க வேண்டும் என்றார். கைலாசநாதர் கோயில் புல்வெளியில் சந்தித்தோம். நிச்சயத்துக்குப் பின் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து பேசியிருக்கிறோம். படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கொண்டுபோயிருந்தேன். நான் உறையிலிருந்து பாதி இழுத்ததும், "வேணாம், உள்ள வெச்சிடுங்க" என்றார்.

"நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டேன். பாத்துடலாம்னு நெனச்சேன். இந்தச் சத்தம் கேட்டதும் முடியல." பிளாஸ்டிக் படம் வளைந்து எழுப்புகிற சத்தத்தைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. குனிந்து நெய்கிறவருக்குக் கழுத்துவலி என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இவர்தான் படங்களை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ்ஸில் போய்வந்தவர்.

"எங்க அம்மா பயப்படுறாங்கன்னு நீங்க நெனைக்கிறீங்க. அம்மாவைவிட எனக்குத்தான் பயமா இருக்குது" என்றார். "டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, எனக்கு அது போதுமான்னு தெரியல. அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க."

அதுவரை அவர்கள் வீட்டுக் கேள்விகளை எல்லாம் வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பெண்ணில் குறை தேடுகிறார்கள் என்று. அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்திருக்கலாம். பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிட்டோம்.

முடிவு கேட்கப் போன வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் அத்தை தனியாக நின்றுகொண்டிருந்தார். தம்பி வரவில்லை. "நானும் உள்ள வரேன். நானே கேட்டுக்கிறேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாங்க அத்தை என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. கண் நரம்பில் வீக்கம் இல்லை. கண்ணாடிக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலைவலி ஒற்றைத் தலைவலி வகை. பசியோடு இருப்பதும் தூக்கம் கெடுவதும் அதைக் கிளப்புகிறது. அந்தக் குழிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். ஒரு வருடம் கழித்து இன்னொரு முறை படம் எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "கொழந்த பொறக்கறதுக்கு?"

"இந்த ரிப்போர்ட்ல அதுக்குத் தடை எதுவும் இல்லம்மா."

"ஆயுசுக்கும் ஒண்ணும் வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

"இப்ப என்ன இருக்குன்னு எழுதித் தருவேன். ஆயுசுக்குன்னு யாருக்கும் எழுத முடியாது. எனக்கே யாரும் எழுதித் தர மாட்டாங்க."

அத்தை, எல்லாருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்று பெண் போனில் சொன்னாளே, அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி, பெயர் இல்லாத படங்கள் சிலவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். பாடம் எடுக்க வைத்திருந்தவை. பக்கவாட்டுத் தலைகள். ஒன்றில் குழி கிண்ணம் போல. ஒன்றில் சுருங்கி ஒரு பிளவு போல. ஒன்றில் எலும்பு மேலே வளைந்து கூடியிருந்தது. அத்தை எழுந்து திரைக்குக் கிட்டே போய் நின்றார். சேலையில் இழை விட்டுப்போன இடத்தைத் தேடும்போது அப்படித்தான் நிற்பார்கள்.

"இவங்கள்லாம் இன்னா ஆனாங்க?"

"ஒருத்தர் சைனஸுக்கு வந்தவர். ஒருத்தர் வண்டியில விழுந்தவர். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"எங்க வீட்டுக்காரரும் தலைவலின்னுதான் படுத்தாரு, அடுத்த தீபாவளிக்கு இல்ல. அவருக்கு இந்த எடமா வேற எடமா?"

"படம் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. காரியம் முடிஞ்சதும் பாலாத்துல வுட்டுட்டோம்."

"படம் இல்லாம நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா அது வேற மாதிரியான நோய். இது அது இல்ல."

வெளியே வந்ததும் அத்தை எங்களை எதிரே இருந்த டிபன் கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு இரண்டு தோசை சொன்னார். நான் ஒன்று போதும் என்றேன். "பசியோட இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல, துன்னு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் காபியைத் தொடவில்லை. அம்மா மேசைக்கு அடியில் என் முழங்காலைக் கிள்ளினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சில நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். தொழிற்சாலையில் டீ இடைவேளை. ஷெட்டுக்கு வெளியே வந்து பேசினேன்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க. எனக்குப் புரியுது. புத்திக்குப் புரியுது" என்றார். "ஆனா நீங்க தலைவலின்னு சொல்ற ஒவ்வொரு வாட்டியும் நான் செத்துடுவேங்க. உங்களை மாத்திரை போட வுடாம, தூங்க வுடாம, டாக்டர் டாக்டரா இழுத்துக்கினு அலைவேன். அது உங்களுக்கு நல்லதில்ல. இந்தக் கல்யாணம் வேணாங்க."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?"

"வேற எதையும் யோசிக்கவே முடியல."

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமா என்று பிறகு யோசித்ததுண்டு. அவரை மாற்றக்கூடிய வார்த்தை ஒன்று இருந்ததாக இன்றும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு உள்ளே போய் அந்த ஷிப்டை முடித்தேன். கோபம் உடனே வரவில்லை. ஒரு வாரம் கழித்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. தலை நன்றாக இருக்கிறது என்று எல்லாப் பரிசோதனையும் சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்லக் கேட்டவள் நான். நிறுத்தத்தில் நின்றவர்களுக்குத் தெரியாமல் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நிச்சயச் சேலையைத் திருப்பிக் கொடுக்க அம்மாவும் நானும் பிள்ளையார்பாளையத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். அத்தை தறியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். பக்கத்து வீடுகளின் தறிச்சத்தம் அப்போதுதான் கேட்டது. அம்மா சேலைப் பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அது இவளுக்குன்னு நெய்ஞ்சது. நான் வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறேன்? எடுத்துக்கினு போம்மா."

"அது எப்பிடிங்க நியாயமாவும்?"

"நியாயம் இல்லதான்" என்றார் அத்தை. "அவன் எம் புள்ள. அடிச்சு ஒருத்தியைக் கட்டிவெக்க முடியுமா? நான் படத்தப் பாத்துட்டேன், எனக்குப் பயம் பூட்ச்சு. அவனையும் வந்து பாருடான்னு கூப்ட்டேன். வரமாட்டேன்றான்."

அம்மா அழுதாள். அத்தையும் அழுதார். நான் தறியில் பாதி ஏறியிருந்த கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிசைன் அவர் மகன் வரைந்ததாக இருக்கும் என்று தோன்றியது, கேட்கவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு மாறியது அப்பாதான். வந்த அடுத்த இடத்திலேயே, பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டார். "பொண்ணுக்குத் தலைக்குள்ள ஒரு குழி கொஞ்சம் பெருசு. எல்லாருக்கும் உண்டு, இவளுக்குப் பெருசு. நோய் இல்ல. படம் இருக்குது, ரிப்போர்ட்டு இருக்குது, டாக்டர் பேர் தரேன். இதுக்கு மேல கேக்கணும்னா அவங்களைக் கேளுங்க." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சில குடும்பங்கள் காபி குடித்துவிட்டுப் போய், பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பின. ஒருத்தர் வாயைத் திறந்து, "குழின்னா எம்மாம் பெருசு?" என்று கேட்டுக் கையை விரித்துக் காட்டினார். அப்பா அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நான் கட்டிக்கொண்டவர் வாலாஜாபாத்தில் ஏ.சி. பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவர். அப்பா தன் பேச்சை முடித்ததும் அவர், "வலிக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அது வலிக்காது. தலைவலி வேற. சாப்பிடலைன்னா வரும்."

"எனக்கும் சாப்பிடலைன்னா வரும்" என்றார்.

அவர் வீட்டில் அதைப் பற்றி வேறு பேச்சு எழவில்லை. பழைய மாப்பிள்ளைக்கும் அடுத்த வருடமே கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அத்தையைச் சில சமயம் காந்தி ரோட்டில் பார்ப்பதுண்டு. நின்று பேசுவார். என் குழந்தையின் கன்னத்தைத் தட்டுவார். அவர் நெய்த சேலையை என் தம்பி கல்யாணத்துக்குக் கட்டினேன். அன்றைக்கு அவர் வந்திருக்கவில்லை.

தலைவலி இன்னும் வருகிறது, முன்பைவிடக் குறைவாக. காலை ஷிப்டை விட்டுவிட்டுப் பொது ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். டாக்டர் சொன்னபடி ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் மாற்றமில்லை. போன வருடம் வலி கொஞ்சம் கூடியபோது, கணவர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறை எடுத்தோம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் ரிப்போர்ட்டைப் படித்தார். முந்தைய படத்தோடு ஒப்பிட மாற்றம் எதுவும் இல்லை என்று ஒரே வரி. மடித்து உறைக்குள் வைத்தார். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இன்னும் நேரமிருந்தது. இட்லி சாப்பிடலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனோம். இட்லி தீர்ந்துவிட்டது என்றார்கள். பொங்கல் இருந்தது, அதைச் சாப்பிட்டோம்.